முதுகு மட்டும் தெரிந்த படம்

அந்தப் படத்தில் இருந்தவர் யார்?

என் மகள் தவழத் தொடங்கியிருந்த நாட்களில் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. இப்போது அவள் வாசலைத் தாண்டி ஓடுகிறாள், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துகிறாள், கோபம் வந்தால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கேள்வி மட்டும் வந்த இடத்திலேயே நிற்கிறது.

வேலை அனுபவத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். எனக்கு அந்த வயது இல்லை. இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, இடையில் சில வருடங்கள் சிறுத்தைகளைப் படம் பிடிக்கும் வேலை பார்த்துவிட்டு அதை விட்டவள் நான். இங்கே வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

எழுதக் காரணம் தர்ஷினி. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பெண். போன வாரம் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கெழம கோயில்ல கூட்டம் வைக்கிறோம். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசணும். நீங்க சொன்னாத்தான் லயத்து ஆளுங்க கேப்பாங்க."

"என்னா பேசணும்?"

"முன்ன சொன்னதுதான் அக்கா. மனுசங்க படம் விழுந்தா அழிச்சிருவோம்னு."

அந்த ஒரு வாக்கியத்தை நான் மறுபடியும் சொல்லலாமா, கூடாதா? இதுதான் இப்போது என் முன்னால் இருப்பது. ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு யோசனையா என்று நீங்கள் நினைக்கலாம். அதனால் பழையதைச் சொல்லிவிடுகிறேன்.

பதுளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளிகள் போதவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லாமல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, காட்டு விலங்குகளை ஆராயும் ஒரு சிறிய அமைப்பு, லயத்துத் தமிழ் பேசத் தெரிந்த பெண் வேண்டும் என்று தேடியது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இரண்டு அறைகள். அதுதான் அலுவலகம். தடம் பார்க்கவும், எச்சத்தைப் பொறுக்கி உலர்த்தவும், அட்டை ஏறாமல் காலில் சவர்க்காரம் பூசவும் கற்றுக்கொள்வதிலேயே முதல் வருடம் போய்விட்டது.

என் மேலதிகாரி கோமதி மிஸ். பதுளைக் கடைத்தெருவில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அப்பா தொடங்கிய கடையைத் தம்பி நடத்திவந்தார். மிஸ் கடைப் பக்கம் போவதே இல்லை. மெதுவாகப் பேசுவார். சோற்றுப் பார்சலை நின்றபடியே சாப்பிடுவார். கெமராவுக்குப் போகும் நாளில் பவுடர், தலையில் பூ, வாசனைச் சவர்க்காரம் எதுவும் கூடாது. என்னைவிட முப்பது வயது மூத்தவர், ஆனாலும் ஒரு நாளும் என்னை ஒருமையில் பேசியதில்லை, ஒரு நாளும் பாராட்டியதுமில்லை. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே சொல்.

"மிஸ், ஆண் சிறுத்தை போயிருக்கு."

"நிச்சயமா?"

"தடம் பெருசா இருக்கு மிஸ்."

"அப்ப பெரிய தடம்னு சொல்லுங்க. ஆம்பளைன்னு அது உங்ககிட்ட சொல்லுச்சா?"

அந்த 'நிச்சயமா?' என் தலைக்குள் குடியேறிவிட்டது. பிள்ளைக்கு வெறும் சளிதான் என்று டாக்டர் சொன்னாலும் எனக்குள் அது கேட்கிறது. நல்ல ஆராய்ச்சியாளருக்கு அது பலமாக இருக்கலாம். மனைவிக்கும் தாய்க்கும் அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

கெமரா கட்டுவது பார்க்க எளிய வேலை, செய்தால்தான் அதன் நுணுக்கம் தெரியும். சிறுத்தையின் உடம்பில் இடப்பக்கப் புள்ளிகள் வேறு, வலப்பக்கப் புள்ளிகள் வேறு. ஒரு பக்கத்தை மட்டும் வைத்து இது அதே மிருகம்தான் என்று சொல்ல முடியாது. அதனால் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு கெமரா, முழங்கால் உயரத்தில், ஒன்றின் வெளிச்சம் மற்றதன் கண்ணில் விழாதபடி சற்றுத் தள்ளி. முன்னால் ஒரு புல் ஆடினாலும் படம் விழும். ஆகவே பாதையை ஒட்டிய மானாப்புல்லை அறுத்துச் சுத்தம் செய்வோம். கடைசியாகச் சோதனை. மிஸ் கைகளை ஊன்றி, சிறுத்தை நடக்கும் உயரத்தில் கெமராவுக்கு முன்னால் தவழ்ந்து போவார். சிவப்பு விளக்கு மினுக்கினால் சரி. இல்லாவிட்டால் பட்டியைத் தளர்த்தி, திரும்பக் கட்டி, திரும்பத் தவழ்வார்.

முதல் தடவை அதைப் பார்த்த கொழுந்து பறிக்கும் பெண்கள், சிறுத்தையைப் புலி என்றே சொல்பவர்கள், கூடையை இறக்கி வைத்துவிட்டே சிரித்தார்கள்.

"அடியே இங்க பாரு, மிஸ்ஸுக்குப் புலி புடிச்சிருச்சு!"

"எந்திரிங்கம்மா, துரை பாத்தா உங்களுக்கும் பேர் போட்டுருவாரு!"

துரை என்பது தோட்ட நிர்வாகி, அவர் பேர் போட்டால் அன்றைய கூலி உண்டு. மிஸ் சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "விளக்கு மினுக்குச்சா?" என்று என்னிடம் கேட்டார். மினுக்கியது என்றேன். "நிச்சயமா?" என்றார்.

சிரித்த அதே பெண்கள்தான் பிறகு பயந்தார்கள். தேயிலை மலையில் கக்கூஸ் கிடையாது, செடி மறைவுதான். விறகுக்குப் போகும் பாதையும் அதுதான், இளசுகள் சந்திக்கும் பாதையும் அதுதான், வடிசாராயம் கொண்டுபோகும் பாதையும் அதுதான். முதல் மாதத்திலேயே ஒரு கெமராவைக் கல்லால் உடைத்திருந்தார்கள், இன்னொன்று தண்ணீர் ஓடும் கானில் கிடந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவர் மாரியம்மன் கோயிலில் கூட்டம் போட்டார். மிஸ்ஸின் தமிழ் கடைத்தெருத் தமிழ், லயத்தில் அது அந்நியமாக ஒலிக்கும். அதனால் நான் எழுந்து பேசினேன்.

"மனுசங்க படம் விழுந்தா, கெமராவத் தொறந்த எடத்துலயே அழிச்சிருவோம். யாருக்கும் காட்ட மாட்டோம். போலீசுக்கும் காட்ட மாட்டோம், துரைக்கும் காட்ட மாட்டோம். ஆத்தா மேல சத்தியம்."

வெளியே வந்ததும் மிஸ் கேட்டார்: "சத்தியம் பண்ணச் சொல்லி நான் சொல்லலையே?"

"அப்படிச் சொன்னாத்தான் மிஸ் நம்புவாங்க."

கோயில் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப காப்பாத்தணும்" என்றார்.

காப்பாற்றினோம். அதன் பிறகு எங்கள் வேலை முறையே அதுவாகிவிட்டது. மரத்தடியிலேயே மெமரி கார்டைக் கையடக்கக் கருவியில் போட்டுப் பார்ப்போம். மனிதர் விழுந்திருந்தால் அங்கேயே அழிப்போம். பக்கத்தில் யாராவது நின்றால் அவர் கண்முன்னே அழிப்போம். பாக்கியம் அக்கா என்று கொழுந்து பறிப்பவர் ஒருவர், வாய் சும்மா இராது. ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ புள்ள, என் பின்பக்கம் விழுந்திருந்தா மட்டும் அழிச்சிராத. ஒரு காப்பி குடு. வீட்டுக் கண்ணாடியில தெரிய மாட்டேங்குது."

கெமரா உடைவது நின்றது. நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்தெல்லாம் செய்தி வரத் தொடங்கியது. எந்த மலையில் சிறுத்தை குறுக்கே போனது, எந்த லயத்தில் நாயைக் காணவில்லை என்று அவர்களே வந்து சொன்னார்கள். ஒரு பெண் சிறுத்தை நாலாம் நம்பர் மலைக்கு மேலே, யூகலிப்டஸ் தோப்புக்கும் மானாப்புல்லுக்கும் நடுவே ஓடும் பாதையில் அடிக்கடி வந்தது. இடது விலாவில் தூண்டில் முள் போல வளைந்த ஒரு புள்ளிக் கூட்டம். விலங்குக்குப் பெயர் வைப்பது மிஸ்ஸுக்குப் பிடிக்காது. லயத்துப் பெண்கள் அதற்கு 'மேட்டு லயத்து மருமக' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போகிறாள், வருகிறாள், அதனால்.

இதற்கிடையில் எனக்குத் திருமணம் நடந்தது. என் வீட்டுக்காரர் குமார், கொஸ்லந்தையில் ஆட்டோ ஓட்டுகிறார். எல்ல என்ற ஊரிலிருந்து நீர்வீழ்ச்சி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களையும் ஏற்றுவார். குடிப்பதில்லை. என் வேலையை அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை. மாறாக, சாப்பிடும்போது இன்றைக்கு என்ன விழுந்தது என்று கேட்பார். நானும் சொல்வேன். ஆட்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் குடையைப் பிடித்துக்கொண்டு கெமராவுக்குக் கும்பிடு போட்ட கிழவரையும், தலைவாரிக்கொண்டு நின்ற பெண்ணையும் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

லயத்துக்குப் பின்னால் எல்லா வீட்டுக்கும் மரக்கறித் தோட்டம் உண்டு. காட்டுப்பன்றி ஒரே இரவில் கிழங்கு முழுவதையும் கிளறிவிடும். ஆகவே யாரோ சிலர் பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைப்பார்கள். யார் என்று யாரும் கேட்பதில்லை. எப்போதாவது பொலித்தீன் பையில் இறைச்சி வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. நானும் சமைத்திருக்கிறேன். யார் கொடுத்தது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "ஸ்டாண்டுல ஒருத்தரு குடுத்தாரு" என்பார்.

மகள் பிறந்து, பேறுகால விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவேன். தோட்டத்தில் வேலை நாள் என்றால் பால் கொடுக்க நடுவில் ஓடி வருவேன். அப்படி ஒரு வேலை நாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு கலைந்து பெண்கள் நாலாம் நம்பர் மலைக்கு ஏறிய கொஞ்ச நேரத்தில், மேலேயிருந்து கூச்சல் கேட்டது.

மேட்டு லயத்து மருமகள் கம்பியில் மாட்டியிருந்தாள். சுருக்கு கழுத்தில் விழவில்லை, இடுப்பில் விழுந்திருந்தது. முன்னுடம்பு நுழைந்து, பின்னுடம்பு சிக்கியிருந்தது. இழுக்க இழுக்க அது இறுகும். சுற்றியிருந்த மண்ணை நகத்தால் கிளறி, எட்டிய செடிகளையெல்லாம் கடித்து முறித்திருந்தாள். லயமே மேலே ஏறிவிட்டது. எல்லோர் கையிலும் போன். யாரோ விசில் அடித்தார்கள். அவர்கள் கத்தும் ஒவ்வொரு முறையும் அவள் பாய, கம்பி இன்னும் உள்ளே போனது.

வனவிலங்கு அலுவலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. மயக்க ஊசி போடும் டாக்டர் தூரத்திலிருந்து வரவேண்டும். அதுவரை என்ன செய்வது? மிஸ் அன்று செய்ததை நான் எந்தப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. பாக்கியம் அக்காவிடம் போய், "இடுப்புல கட்டியிருக்கிற படங்கக் கொஞ்சம் அவிழ்த்துத் தர்றீங்களா?" என்று கேட்டார். கொழுந்துச் செடி கிழிக்காமலிருக்கப் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த உறைத் துணிதான் படங்கு.

"எதுக்கு மிஸ்?"

"அது நம்மளப் பாக்குறதாலதான் துள்ளுது. பாக்காம இருந்தா அடங்கும்."

பாக்கியம் அக்கா அவிழ்த்தார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் அவிழ்த்தார்கள். தோளோடு தோள் நின்று, படங்குகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். போன் பிடித்திருந்தவர்களுக்கும் சிறுத்தைக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது. "எங்கள மறைக்காதீங்கடி" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, "உன் பொண்டாட்டிக்கு வலி கண்டப்பயும் இப்படித்தான் போன் புடிச்சியா?" என்று பாக்கியம் அக்கா திரும்பாமலே கேட்டார். அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

டாக்டர் வந்து ஊசி போட்டு, மயங்கியதும் கம்பியை வெட்டினார். கிளச் கேபிள். "புதுசு மாதிரி இருக்கு, கிரீஸ் வாசம் கூடப் போகல" என்றார். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தவர் கையை எடுத்து எங்களுக்குக் காட்டினார். விரலில் பால். எங்கோ பாறை இடுக்கில் குட்டிகள் இருந்தன என்று அர்த்தம். பிள்ளைக்காம்பராவுக்கு நான் போயிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் சட்டையும் நனைந்திருந்தது.

கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில நாட்களில் செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. குட்டிகளைத் தேடினோம், கிடைக்கவில்லை.

கேள்வி பிறந்தது அன்று, கூண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது. அதிகாரி ஒருவர் ரோட்டோரத்தில் நின்று ஆட்களை விசாரித்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸும் நானும் மேலே எங்கள் கெமராவிடம் போனோம். சுருக்கு வைத்த இடம் அதன் பார்வைக்குள் இருந்தது. நாங்கள் புல் அறுத்துச் சுத்தம் செய்திருந்த அதே பாதை. பன்றிக்கும் அது வசதி, சிறுத்தைக்கும் வசதி, கம்பி வைக்கிறவருக்கும் வசதி. மிஸ் கார்டைப் போட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளினார். மரைமான் ஒன்று, முள்ளம்பன்றி ஒன்று, பிறகு ஒரு மனிதர்.

குனிந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி, மழைக்கு எல்லோரும் போடுவது. இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது காலைத் தளர விட்டிருந்தார். கையில் சுருட்டிய ஏதோ ஒன்று. விறகு கட்டும் கயிறாகவும் இருக்கலாம்.

மிஸ் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு அழித்தார்.

"மிஸ்! கீழ ஆபீசர் நிக்கிறாரு!"

"தெரியும்."

"அது கம்பியா இருந்தா?"

"நிச்சயமா?"

என் கண் திரைக்குப் போனது, அதில் இப்போது முள்ளம்பன்றிதான் இருந்தது.

"இந்தப் படம் வெளிய போனா நாளைக்கு ஒரு கெமராவும் மிஞ்சாது. அடுத்த சிறுத்தைய யாரு பாக்குறது? நீங்கதானே சத்தியம் பண்ணீங்க?"

அதில் தவறு சொல்ல முடியாது. அன்று அது எனக்குச் சரியாகவே பட்டது. பிள்ளைக்காம்பராவை நோக்கி ஓடியபோதுதான் ஒன்று உறுத்தியது. படத்தைப் பார்த்துவிட்டு மிஸ் ஏன் என் முகத்தைப் பார்த்தார்?

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சேரத் தொடங்கியது. படம் பகலில் விழுந்தது. தரை காய்ந்திருந்தது. மழை இல்லாதபோது கொங்காணி எதற்கு? முகத்தை மறைக்க. எங்கள் வாக்கை நம்பியவர் முகத்தை ஏன் மறைக்க வேண்டும்? அழிப்பதற்கு முன் நாங்கள் பார்ப்போம் என்று தெரிந்ததால். லயத்தில் பெரும்பாலானோர் அதை யோசித்திருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அது தெரியும், நானே சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தேனே. அவரும் ஆட்டோவில் சாய்ந்து நிற்கும்போது இடது காலில்தான் பாரம் போடுவார். எங்கள் கதவுக்குப் பின்னாலும் ஒரு கொங்காணி தொங்குகிறது. கிளச் கேபிள் ஆட்டோக்காரர் கையில் இருக்கும் பொருள். அவர் அதை வாங்குவது பதுளையில், மிஸ்ஸின் தம்பி கடையில்.

உடனே மறுபக்கமும் பேசும். கொங்காணி இல்லாத வீடு தோட்டத்தில் உண்டா? ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவர்கள் எத்தனை பேர்! கிரீஸில் ஊறிய பழைய கேபிளும் புதிது போலத்தான் மினுங்கும். சாக்கு பனிக்காகவும் இருக்கலாம், தலையில் சுமை வைப்பதற்காகவும் இருக்கலாம். ஒருவேளை மிஸ் காப்பாற்றியது என்னையே அல்ல, தம்பி கடையின் பெயரையோ? வெட்டிய கம்பித் துண்டு ஒன்றை மாதிரிக்கு என்று மிஸ் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு அலுவலகத்தில் அதை நான் பார்க்கவே இல்லை. கேட்டதற்கு, "அது நம்ம வேலை இல்ல" என்றார்.

அன்று மாலை லயம் முழுக்க ஒரே பேச்சு. என் வீட்டுக்காரர் பைப்படியில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"செத்துப் போயிருமா?"

"தெரியல."

"பாவம்" என்றார்.

அது இரக்கமுள்ள மனிதர் யாரும் கேட்கும் கேள்வி. கம்பி வைத்தவரும் கேட்கும் கேள்வி. இறைச்சிப் பை அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனம் நோகும் என்று நிறுத்தினாரா, வேறு காரணமா? நான் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி வேலையை விட்டேன். அதுவும் பொய் இல்லை.

மிஸ் ஓய்வு பெற்றுத் திருச்சியில் அக்கா வீட்டோடு இருக்கிறார். போன வருடம் துணிந்து போன் எடுத்தேன்.

"மிஸ், அன்னைக்கி நீங்க யாரப் பாத்தீங்க?"

"ஒரு முதுகு."

"யாரோட முதுகு மிஸ்?"

"நீங்களும்தானே பாத்தீங்க. உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"இல்ல மிஸ்."

"எனக்கும் தெரியாது. தெரியாதத வச்சு ஒரு குடும்பத்தத் தெருவுல நிறுத்தக் கூடாதுன்னு நெனச்சேன். பிள்ள எப்படி இருக்கா?"

எந்தக் குடும்பத்தை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது தர்ஷினிக்கு வருகிறேன். மேட்டு லயத்துக்கு மேலே மறுபடியும் ஒரு பெண் சிறுத்தை, இரண்டு குட்டிகளோடு. பாக்கியம் அக்கா கண்ணால் பார்த்திருக்கிறார். தப்பிப் பிழைத்த பழைய குட்டி வளர்ந்து வந்திருக்குமோ என்று எனக்கு ஆசை. அதைச் சொல்ல வழியில்லை, தாயின் புள்ளி பிள்ளைக்கு வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு நாய் போனது. பன்றித் தொல்லையும் கூடிவிட்டது. பழையபடி கம்பி விழும் என்று எல்லோருக்கும் தெரியும். கெமரா கட்டினால் அவள் போகும் பாதை தெரியும், அந்தப் பாதையைத் தினமும் நடந்து கம்பியை அகற்றலாம். கட்டாவிட்டால் மூன்று உயிரும் அதிர்ஷ்டத்தின் கையில்.

தர்ஷினி புதிய கெமராவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஆசையாகத்தான் இருந்தது. கார்ட் எடுக்க மலை ஏற வேண்டியதில்லை. படம் விழுந்த கையோடு போன் சிக்னலில் பதுளைக்கும் கொழும்புக்கும் போய்விடும்.

"அப்ப மரத்தடியில வச்சு அழிக்க முடியாதே?"

"ஆபீஸ்ல அழிச்சிருவோம் அக்கா."

"யாரு அழிப்பா?"

"அதுக்கு ஆள் இருக்காங்க."

"நிச்சயமா?"

அவள் சிரித்தாள். "கோமதி மிஸ் இப்படித்தான் கேப்பாங்கன்னு ஆபீஸ்ல சொல்வாங்க." பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கம்பியோட வர்ற ஆளு விழுந்தா மட்டும் அது வேற கத அக்கா. அது குற்றந்தானே? அதக் கூட்டத்துல சொல்ல வேணாம். சொன்னா ஒரு கெமராவும் கட்ட விட மாட்டாங்க."

அவள் கெட்ட பெண் இல்லை. சிறுத்தைக்காக உண்மையாகவே தவிப்பவள். கம்பி வைப்பவர் பிடிபட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், விரலில் ஒட்டிய அந்தப் பாலை நானும் பார்த்தவள். ஆனால் அவரைப் பிடிக்கும் சுருக்கு என் வாயிலிருந்து வரும் அந்த வாக்கியமாக இருக்கப் போகிறது. அதை நம்பி முகத்தை மறைக்காமல் நடந்து வருபவர் யார் என்று எனக்குத் தெரியாது.

அவள் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கெமரா எங்கெங்க கட்டப் போறாங்களாம்?"

"ஏன் கேக்குறீங்க?"

"என்னா கேள்வி இது? பாப்பா வெளையாடுற பக்கம் புலி வருதான்னு தெரிய வேணாமா?" மகளின் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார். "நீ போய்ப் பேசு புள்ள. நல்ல காரியந்தானே. அழிச்சிருவோம்னு சொன்னா யாரு என்னா சொல்லப் போறா?"

குற்றமில்லாதவர் இப்படித்தான் பேசுவார். அந்த வாக்கில் தனக்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைப்பவரும் இப்படித்தான் பேசுவார். அன்றிலிருந்து அவர் எப்படி நிற்கிறார் என்று பார்க்காமல் இருக்க முயல்கிறேன், முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைக்கும்போதும் என் கண் அவர் காலுக்குத்தான் போகிறது. இது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். கோயிலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடட்டுமா, படம் அந்த நிமிடமே பதுளைக்கும் கொழும்புக்கும் போய்விடும், கம்பியோடு வந்தால் அழிக்க மாட்டார்கள் என்று? அப்படிச் சொன்னால் கெமரா வராமல் போகலாம், வந்தாலும் உடையலாம். பழைய வாக்கியத்தையே சொல்லி, குட்டிகளையாவது காப்பாற்றட்டுமா? பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லிக் கூட்டத்துக்கே போகாமல் இருந்துவிடட்டுமா? அதுவும் மனதில் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று. கூட்டத்துக்குப் போகுமுன் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து நேராகக் கேட்க வேண்டுமா? இதை அவர் வாசித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது, வாசித்துவிட்டால் நல்லது என்றும் சில வேளை தோன்றுகிறது. அவர் பொய் சொல்பவர் அல்ல. கேட்டால் சொல்லிவிடுவார். அவர் சொன்ன பிறகு நான் யாரிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கும், என் மகளிடம் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இத்தனை நாளும் கேட்காமல் இருக்கிறேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் கேட்பீர்களா? எனக்கு எழுதுங்கள்.